கழித்துப் பழகிய மூன்று அங்குலம்

அளப்பதற்கு முன் நாடாவின் முனையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியின் தையல் ஆசிரியை மரகதம். ஆசிரியத் தொழிலில் பாதிக்கு மேல் அளப்பதுதான் வேலை. வருகையை அளக்கிறோம், மதிப்பெண்ணை அளக்கிறோம், பிறந்த தேதி தெரியாத பிள்ளையின் வயதைக்கூடக் கண்ணால் அளந்து ஏட்டில் ஏற்றிவிடுகிறோம். அறுபது பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திவிட்டுத் தாமும் நின்று தொண்டை கட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி புதிதாக இராது. ஆனால் மரகதம் சொன்னதை நான் ஒருநாள் மறந்ததனால் ஒரு பெண்ணின் படிப்பே நின்றுபோகும் நிலை வந்தது. ஆகவே நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

முனை இல்லாத நாடா

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டிக்கு அருகில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். தொழிற்பேட்டைக்காகச் சுற்றுப்புறத்து நிலங்களை அளந்து கல் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை இடம் நெடுநாளாகக் காலியாக இருந்ததால், அந்தப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. நான் தமிழ் வழியில் படித்து, தமிழ் வழியிலேயே ஆசிரியப் பயிற்சி பெற்றவள். எந்தப் பொறுப்பைக் கொடுத்தாலும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை; பின்னால் வரப்போவதைப் புரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

அப்போது சென்னையிலிருந்து ஞானசிகாமணி என்ற உடற்கல்வி விரிவுரையாளர் எங்கள் பள்ளிக்கு வந்தார். கிராமப்புறப் பள்ளி மாணவியரின் உடல்தகுதியையும் இயக்கத்திறன்களையும் அளந்து, நகரத்து மாணவியரோடும் பயிற்சி பெற்ற விளையாட்டு வீராங்கனையரோடும் ஒப்பிடுவது அவருடைய ஆராய்ச்சி. ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் ஐந்து சோதனைகள் நடத்த வேண்டும். அவற்றை நடத்துவதும் எழுதுவதும் என் பணி. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. வலிமை, வேகம், தாங்குதிறன், பாயும் திறன் என்று தலைப்புகள் அனைத்தையும் தமிழாக்கி, கோடு போட்டு, என் கையெழுத்திலேயே புதிய படிவம் தயாரித்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தம் ஆங்கிலப் படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பள்ளியில் இருந்த ஒரே அளவு நாடா, தையல் அறையின் துணி நாடா. அதன் முதல் மூன்று அங்குலம் எப்போதோ கிழிந்துபோயிருந்தது. மூன்று என்ற எண்ணிலிருந்துதான் நாடாவே தொடங்கும். முனையைப் பார்க்காமல் அளந்தால் எல்லாமே மூன்று அங்குலம் கூடுதலாக வரும் என்று மரகதம் எச்சரித்தாள். நான் ஒரு விதி வகுத்துக்கொண்டேன்: நாடா காட்டும் அளவில் மூன்றைக் கழித்துவிட்டுத்தான் பேனா காகிதத்தைத் தொட வேண்டும். ஒரு மாதப் பயிற்சி முழுவதும், பத்தாம் வகுப்பின் சோதனை முழுவதும் அப்படியே செய்தேன். ஒருமுறைகூடப் பிசகவில்லை என்று மரகதத்திடம் சொன்னபோது அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "கழிக்கிறது பெருசு இல்லக்கா. எப்ப நிறுத்துறதுன்னு தெரியணும்."

சுவரில் இரண்டு கோடுகள்

மேல்நோக்கித் தாவும் சோதனை எளிமையானது. விரல் நுனியில் சுண்ணாம்புப் பொடியைத் தொட்டுக்கொண்டு, சுவரோரம் நின்று, கையை முழுவதும் உயர்த்தி ஒரு கோடு போட வேண்டும். பிறகு தாவி இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரமே தாவிய உயரம். எங்கள் பெண்கள் நகரத்துப் பெண்களையெல்லாம் விஞ்சிவிட்டார்கள். ஞானசிகாமணியின் முகம் மலர்ந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் இவ்வளவு உயரம் தாவக்கூடியவர்கள் அல்லர்.

மறுநாள் கவனித்துப் பார்த்தேன். தாவும்போது கை முழுவதும் உயர்ந்தது. நின்று முதல் கோடு போடும்போதோ முழங்கை மடங்கியே இருந்தது. முதல் கோடு தாழ்ந்தால் இடைவெளி பெருகும் அல்லவா? கூச்சம் என்று எண்ணி, கையை நேராக உயர்த்தும்படி நான்கைந்து முறை அதட்டினேன். ஒரு பெண் மட்டும் அசையவே இல்லை. அவளைத் தனியே அழைத்துக் கேட்டேன். ரவிக்கை அக்குளில் கிழிந்திருந்தது. தாவும்போது கண்ணிமைக்கும் நேரம்தான் தெரியும், நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள் என்றாள். விசாரித்ததில், வகுப்பில் பாதிப் பேருக்கு அதே நிலைமை.

அன்று பிற்பகல் சோதனை நடக்கவில்லை. மரகதம் தையல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு ரவிக்கையாகத் தைத்துக் கொடுத்தாள். மறுநாள் எல்லாக் கைகளும் நேராக உயர்ந்தன. தாவிய உயரமெல்லாம் குறைந்தது. முந்தைய எண்களை ஏன் அடித்துவிட்டேன் என்று ஞானசிகாமணி கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் தம் குறிப்பேட்டைத் திறந்து, எழுதாமல் மூடிவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "இதை எந்தத் தலைப்புல எழுதுறது டீச்சர்?"

ஏழாம் வாய்ப்பாடு

தாங்குதிறன் சோதனைக்கு ஒரு பெஞ்சின் மீது தாளத்தோடு ஏறி இறங்க வேண்டும். குறித்த நேரம் முடிந்ததும் உட்கார வைத்து நாடித்துடிப்பை எண்ண வேண்டும். தாளம் கொடுக்கும் கருவி ரயிலில் வரும்போதே பழுதாகிவிட்டது. தாளத்துக்குப் பதில் வாய்ப்பாடு சொல்லலாம் என்று நான் யோசனை கூறினேன். பிள்ளைகளும் கூடவே சொல்லிக்கொண்டு ஏறி இறங்கினார்கள்.

இரண்டாம் வாய்ப்பாடும் ஐந்தாம் வாய்ப்பாடும் குறையின்றி ஓடின. ஏழாம் வாய்ப்பாட்டில் ஆறேழு நாற்பத்திரண்டைத் தாண்டியதும் வேகம் தளர்ந்தது; எட்டேழில் பலர் பெஞ்சின் மேலேயே நின்றுவிட்டார்கள். கணக்கில் கெட்டிக்காரப் பெண்களுக்கு மட்டும் மூச்சு வாங்கியது. தடுமாறியவர்களோ நன்றாக இளைப்பாறிக்கொண்டதால் நாடித்துடிப்பு அமைதியாக இருந்தது. படிவத்தின்படி அவர்களே மிகுந்த தாங்குதிறன் உடையவர்கள். வாய்ப்பாட்டைக் கைவிட்டுக் கைத்தட்டுக்கு மாறினோம். அதற்கு முன் ஞானசிகாமணி சற்றே வருத்தத்துடன் சொன்னார்: "நான் நுரையீரலை அளக்க வந்தேன் டீச்சர். நீங்க நாலாவது வகுப்பு வாத்தியாரை அளந்துட்டீங்க."

கோல் பிடித்த கை

பிடிவலிமையை அளக்க, கைக்குள் அடங்கும் ஓர் இரும்புக் கருவி வந்திருந்தது. அதை இறுக்கினால் முள் நகரும். நெல்வயல் வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் பலர் முகம் சிவக்க இறுக்கியும் முள் சிறிதளவே நகர்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் பவானி என்றொரு பெண் இருந்தாள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வருபவள். அவள் இறுக்கியபோது முள் பாதி வட்டத்தைக் கடந்தது. கருவியில் பழுது என்று ஞானசிகாமணி முடிவு செய்து, அதைக் குலுக்கிப் பார்த்து, தாமே இறுக்கிப் பார்த்தார். அவருக்கு முள் அவ்வளவு தூரம் போகவில்லை. பிறகு பவானிக்கு முள் காட்டிய அளவையே எழுதச் சொன்னார்.

ஆராய்ச்சிக்கு இரண்டாம் பகுதி ஒன்றும் இருந்தது. ஐந்து சோதனைகளிலும் குறித்த எல்லையைத் தாண்டும் பெண்கள் சிலரைச் சென்னையில் விடுதியில் தங்கவைத்து, உணவும் படிப்பும் கொடுத்து, ஓராண்டு பயிற்சிக்குப் பின் மீண்டும் அளப்பார்கள். பவானிக்கு அது விளையாட்டு அன்று. அவளுடைய தகப்பனார் ஏழுமலை முன்பே தீர்த்துச் சொல்லிவிட்டார்: பட்டியலில் பெயர் வந்தால் சென்னைக்குப் போகட்டும், வராவிட்டால் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு இறால் ஆயும் கொட்டகைக்குப் போக வேண்டும், அடுத்த தையில் கல்யாணம். இதை அவள் என்னிடம் சொல்லும்போது குரலில் நடுக்கம் இல்லை. இந்தக் கைவலிமை எங்கிருந்து வந்தது என்று ஞானசிகாமணி கேட்டதற்கு, கையை விரித்துக் காட்டிச் சொன்னாள்: "நைனாவுக்குக் காய்ச்சல்னா நான்தான் சார் படகு தள்ளிக்கினு போவேன். கோலு ஏரிச் சேத்துல மாட்டிக்கினா விடக்கூடாது, விட்டா படகு போயிடும்."

எஃகு நாடாவும் செங்கல்லும்

ஐந்தாவது சோதனை, நின்ற இடத்திலிருந்து இரு கால்களையும் சேர்த்து முன்னால் தாண்டுவது. புறப்பட்ட கோட்டிலிருந்து, பின்னால் பதிந்த குதிகாலின் தடம் வரை அளக்க வேண்டும். எல்லை ஐந்தடி பத்து அங்குலம். பயிற்சி நாள்களில் பிள்ளைகளுக்குக் கண்ணால் தெரியட்டும் என்று, அந்தத் தூரத்தில் மணல்குழியின் ஓரமாக ஒரு செங்கல்லைப் பதித்துவைத்திருந்தேன். பவானி பெரும்பாலான நாள்களில் செங்கல்லுக்கு அப்பால்தான் விழுவாள்.

ஒன்பதாம் வகுப்பின் சோதனை நாளன்று காலையில் ஞானசிகாமணி புதிய எஃகு நாடா ஒன்றை அனுப்பியிருந்தார். முனையில் வளையம் வைத்த, குறையில்லாத நாடா. அதைக் கையில் எடுத்தபோது எனக்குப் பெருமிதமாகக்கூட இருந்தது. முப்பத்திரண்டு பெண்கள், நானே பிடித்து, நானே வாசித்து, நானே எழுதினேன். பவானியின் மூன்று தாண்டலில் சிறந்தது ஐந்தடி எட்டு அங்குலம் என்று பதிவாயிற்று. எல்லைக்கு இரண்டு அங்குலம் குறைவு.

அவள் மணலை விட்டு எழவில்லை. குதிகாலின் தடத்தையும் செங்கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். தடம் செங்கல்லைத் தாண்டி இருக்கிறதே என்றாள். நானும் பார்த்தேன். தாண்டித்தான் இருந்தது. யாரோ காலால் தட்டிச் செங்கல் நகர்ந்திருக்கும் என்றும், செங்கல்லை நம்புவதா எஃகு நாடாவை நம்புவதா என்றும் கேட்டு, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "செங்கல்லு பதிச்சதும் நீங்கதான் டீச்சர்."

திரைக்குக் கீழே கால்கள்

மூன்று வாரத்தில் பட்டியல் வந்தது. எங்கள் பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்புப் பெண்கள் இருவர் பெயர் இருந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒருவரும் இல்லை. மறுநாளிலிருந்து பவானி பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே வரவில்லை என்ற குறி தினம் ஒன்றாக ஏறியது. வருந்தினேன், ஆனால் என்மேல் எனக்குச் சந்தேகம் எழவில்லை. அளவு அளவுதானே என்றுதான் இருந்தேன்.

அந்த மாதம் பள்ளி ஆண்டுவிழா. மேடைக்குப் புதிய திரை தைக்க வேண்டும். உத்தரத்திலிருந்து தரை வரை நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று அளந்து, ஒன்பதடி மூன்று அங்குலம் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். மரகதம் அந்த அளவுக்கு நூல் பிசகாமல் தைத்தாள். ஒத்திகையன்று திரையை மாட்டினால், அடியில் மூன்று அங்குலம் வெளிச்சம். அதற்குள்ளே காத்திருந்த குழந்தைகளின் பாதங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒருத்தி இடக்காலால் வலக்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். தையலில்தான் பிழை என்று நான் சொன்னேன்.

மரகதம் வாதாடவில்லை. நான் அளந்த அதே எஃகு நாடாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, தனக்கு எதிரில் அளக்கச் சொன்னாள். அளந்தேன். நாடா ஒன்பதடி ஆறு அங்குலம் காட்டியது. என் வாய், என்னைக் கேட்காமலே, ஒன்பதடி மூன்று என்றது. எனக்கு மேடையும் திரையும் கண்ணிலிருந்து மறைந்து, மணல்குழியும் அந்தச் செங்கல்லும் வந்து நின்றன. மரகதம் நாடாவின் வளையத்தை என் விரலில் மாட்டிவிட்டுச் சொன்னாள்: "நாடாவை மாத்தினாங்க, உன்னை மாத்தலையே அக்கா."

பாடு

தலைமையாசிரியையிடம் அன்றே சொன்னேன். அவர் என்னைவிட மூத்தவர், நல்லவர். பட்டியல் முடிந்துபோன கதை, இனி வாயைத் திறந்தால் பள்ளிக்கும் எனக்கும்தான் கெட்ட பெயர், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அன்று வீடு திரும்பிய பின்னும் அந்த யோசனை எனக்கு இதமாகவே இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பிழையே செய்யாதவள் என்ற பெயரை நான் இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்தேன். பவானிக்கு அடுத்த ஆண்டு என்ற ஒன்று இல்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்தில் ஏறி, இறங்கி, மணலில் இரண்டு மைல் நடந்து குப்பத்துக்குப் போனேன்.

ஏழுமலை கவிழ்த்துப் போட்ட படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். பவானி கொட்டகைக்குப் போயிருந்தாள். நான் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன்: உங்கள் பெண் தாண்டினாள், நான்தான் குறைத்து எழுதினேன். அவர் தார்ச் சட்டியை நிழலுக்கு நகர்த்திவைத்தார். கோபிக்கவில்லை, அதுவே எனக்குக் கடினமாக இருந்தது. வேண்டுமென்று செய்தேனா என்று மட்டும் கேட்டார். பழக்கத்தில் செய்துவிட்டேன் என்றேன். வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். இரண்டு பேருக்கு என்றேன்.

பிறகு அவர் பாடு பற்றிச் சொன்னார். ஏரியில் எந்த இடத்தில் எவர் எந்த நாளில் வலை போடலாம் என்று குப்பமே கூடி முறை வைத்துக்கொள்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். முறை வைப்பவர் தவறி ஒருவன் பெயரை விட்டுவிடுவதும் உண்டு. அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் படகின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "தப்பா சொன்னவரு ஊட்டாண்ட வந்து காதுல சொன்னா செல்லாது டீச்சரம்மா. பாடு சொன்ன எடத்துலயே, அத்தினி பேரு எதிர்க்கவும் நின்னுக்கினு சொல்லணும். அப்பதான் விட்டுப்போன மொறை திரும்பி வரும்."

எட்டு அடி

திங்கட்கிழமை காலை இறைவணக்கம் முடிந்ததும், தலைமையாசிரியையின் அனுமதிக்குக் காத்திராமல், கொடிக்கம்பத்தருகில் போய் நின்றேன். ஒன்பதாம் வகுப்பு மாணவியர் முப்பத்திரண்டு பேரின் தாண்டல் அளவையும் நான் மூன்று மூன்று அங்குலம் குறைத்து எழுதிவிட்டேன் என்றும், செங்கல் நகரவில்லை என்றும், பிழை என்னுடையது என்றும் சொன்னேன். மூன்று வாக்கியங்கள்தாம். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளை எத்தனையோ முறை தயார் செய்தவள் நான். ஆனாலும் அந்த மூன்று வாக்கியங்களைத் தாளில் எழுதிவைத்துத்தான் படித்தேன். எந்தப் பிள்ளையும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி மட்டும், டீச்சர்களும் தப்புப் போடுவார்களா என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

ஞானசிகாமணிக்குக் கடிதம் எழுதினேன். அவர் அந்த வெள்ளிக்கிழமையே வந்தார். மூன்று அங்குலத்தைக் கூட்டி எழுதிவிட்டால் போதுமே என்றேன். அவர் மறுத்தார். எல்லோருக்கும் தவறாமல் கழித்தேன் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார். நான் எதையும் தவறாமல் செய்பவள் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். முப்பத்திரண்டு பேரும் மறுபடியும் தாண்ட வேண்டும், அளப்பவர் தாமே என்று தீர்த்துவிட்டார். நியாயம்தான். ஆனால் பவானி மூன்று வாரத்துக்கு மேலாக நாள் முழுவதும் இறால் ஆய்ந்துகொண்டு குந்தியே இருந்தவள். அவள் கால்கள் பழைய தூரத்தைத் தாண்டுமா என்பது எவருக்கும் தெரியாது.

அவள் தகப்பனாரோடு வந்தாள். ஏழுமலை மணல்குழியருகில் வந்து, யாரையும் கேட்காமல், எஃகு நாடாவின் முனையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மற்ற பெண்கள் முதலில் தாண்டினார்கள். சிலர் முன்பைவிட நான்கு அங்குலம் கூடுதலாகவும், சிலர் இரண்டு மட்டுமே கூடுதலாகவும் தாண்டினார்கள். ஒரே பெண், ஒரே மணல், ஒரே நாடா. ஆனாலும் எந்த இரண்டு நாளும் ஒரே அளவு வராது என்பதை அன்றுதான் எண்களாகக் கண்டேன். நான் பிடித்த அளவுகளை அவ்வளவு இறுமாப்போடு நம்பியதற்கு அதுவும் ஒரு பதில்.

பவானியின் முதல் தாண்டல் ஐந்தடி ஒன்பது. இரண்டாவதில் பெருவிரல் கோட்டைத் தொட்டுவிட்டது. அது கணக்கில் சேராது. மூன்றாவதற்கு முன் அவள் கோட்டுக்குப் பின்னால் நெடுநேரம் நின்றாள். ஏரிச் சேற்றில் சிக்கிய கோலைப் பிடுங்குவதுபோல் இரண்டு கைகளையும் பின்னுக்கு இழுத்து, முன்னால் வீசினாள். ஞானசிகாமணி மண்டியிட்டு நாடாவை நீட்டினார். வாசிப்பதற்கு முன் முனை கோட்டில் இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இருக்கிறது என்றேன். ஐந்தடி பத்தரை என்று வாசித்தார். பத்தரை என்றே எழுதினார். ஏழுமலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேருந்து எத்தனை மணிக்கு என்று யாரையோ கேட்டார். விடுதிக்கு எந்தத் துணிமணி கொண்டுபோக வேண்டும் என்று பிறகு கேட்டது என்னிடம்தான்.

பவானி எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். செங்கல்லை ஒருமுறை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பா, வேறொன்றா என்று எனக்கு இன்றும் விளங்காத ஒரு முகத்தோடு கேட்டாள்: "இந்த வாட்டி செங்கல்லு நவுரலையா டீச்சர்?" இல்லை என்றேன். அன்றும் நகரவில்லை என்றும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தகப்பனாரிடம் போனாள்.

மாலையில் எஃகு நாடாவைச் சுற்றித் தையல் அறையில் வைக்கப் போனபோது, மரகதம் அந்தத் திரையின் அடியில் வேறொரு துணியை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "திரைக்கு மூணு அங்குலம் நான் குடுத்துட்டேன். பொண்ணுங்களுக்கு முப்பத்திரண்டு மூணு தொண்ணூத்தாறு, உன் கணக்கு அக்கா."

ஓய்வு பெற்ற நாளில் பாக்கி ஏதுமில்லை என்று அலுவலகம் எழுதித் தந்த சான்றிதழில் இடம்பெறவில்லை என்றாலும், முப்பது ஆண்டு உத்தியோகத்தில் என் பிள்ளைகளுக்கு நான் பட்டுத் திருப்பிக் கொடுத்த ஒரே கடன், தலைக்கு மூன்று அங்குலமாக, ஆக மொத்தம் எட்டு அடி.